மலிவு விலையும் மனச்சாட்சியும்



விற்பவன் பாவம் செய்யக்கூடும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். நிறை குறைத்தல், கலப்படம் செய்தல், பழுதை மறைத்தல், பதுக்கி வைத்தல் என்று அந்தப் பாவங்களுக்குச் சிறு வயதிலேயே நமக்குப் பெயர் சொல்லித் தந்திருக்கிறார்கள். வாங்குபவன் பாவம் செய்யக்கூடுமா? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? காசைக் கொடுத்துப் பொருளை வாங்குகிறவன் வேறு எவருக்கும் கடமைப்பட்டவன் அல்லன், அவன் ஏமாறாமல் இருந்தாற் போதும் என்பதே பொதுவான எண்ணம். அந்த எண்ணம் சரிதானா என்று ஆராய்ந்து பார்க்கவேண்டிய காலம் வந்திருக்கின்றது. அதைக் கொண்டு வந்தது நமது கையில் இருக்கும் தொலைபேசி.

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது வழியாக மாளிகைக்காடு, காரைதீவு நோக்கிச் செல்லும் பிரதான வீதியை நீங்கள் அறிவீர்கள். உடுப்புக் கடைகள், சப்பாத்துக் கடைகள், பாத்திரக் கடைகள், தையற் கடைகள் என்று வரிசையாக இருக்கும் அந்த வீதி, இப்பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதியதன்று. நத்தாருக்கு உடுப்பும், புதுநன்மைக்கு வெள்ளைத் துணியும், கலியாணத்துக்குச் சேலையும் தேடி நம் தாய்மார் ஏறி இறங்கிய படிகள் அவை. இன்று அதே வீதியாற் பொதி விநியோகிக்கும் மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன. சீனாவின் ஏதோ ஒரு நகரத்திலிருந்து புறப்பட்ட சிறு பொதி, அந்தக் கடைகள் அத்தனையையும் கடந்து நம் வீட்டு வாசலுக்கு வருகின்றது. அதனுள் இருப்பது பெரும்பாலும் அந்தக் கடைகளிற் கிடைக்கும் பொருள்தான். விலை மட்டும் குறைவு. அல்லது குறைவு என்று திரை சொல்லுகின்றது.

முதலில் நமது பணப்பைக்கு நேரும் ஆபத்தைப் பார்ப்போம். அதன் பின் மனச்சாட்சிக்கு வருவோம்.

திரையில் தெரியாத விலை

திரையிற் பெரிய எழுத்தில் காணும் தொகை பொருளின் விலையின் ஒரு பகுதியே ஆகும். அதன் மேல் அனுப்பும் கட்டணம் உண்டு. நமது ரூபா டொலராக மாறும்போது வங்கி எடுத்துக்கொள்ளும் பங்கு உண்டு. பொதி நாட்டுக்குள் வந்ததும் சுங்கம் உண்டு. 2024 ஜனவரி 1ஆம் திகதி முதல் நமது நாட்டில் பெறுமதிசேர் வரி, அதாவது வற், 18 சதவீதம். இறக்குமதிப் பொருளின் பெறுமதியைக் கணக்கிடும்போது பொதுவாகப் பொருளின் விலையோடு கப்பல் அல்லது விமானக் கட்டணத்தையும் காப்புறுதியையும் சேர்த்தே பார்ப்பது சுங்கத்தின் முறை. ஆகவே 2,000 ரூபாப் பொருளுக்கு 800 ரூபா அனுப்பும் கட்டணமானால், வரி தொடங்குவது 2,000 ரூபாவிலிருந்து அன்று, 2,800 ரூபாவிலிருந்து. இதையெல்லாம் கூட்டிப் பார்த்த பின்னரே சாய்ந்தமருதுக் கடையின் விலையோடு ஒப்பிடுவது முறையாகும்.

குறைத்துக் காட்டும் விலையும் மெய்யானதா? 2025 ஜூலையில் பிரான்ஸ் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரிகள் ஷீஇன் என்னும் பெரிய இணைய உடை நிறுவனத்தின் மீது 4 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். அவர்கள் பரிசோதித்த விலைக்கழிவு அறிவிப்புகளில் 57 சதவீதமானவற்றில் உண்மையான விலைக்குறைப்பு எதுவுமே இருக்கவில்லை. 19 சதவீதத்தில் சொன்ன அளவுக்குக் குறைப்பு இல்லை. 11 சதவீதத்தில் விலை கூடியிருந்தது! சிவப்புக் கோட்டால் அடித்துக் காட்டும் பழைய விலை, எவரும் ஒருபோதும் கொடுத்திராத விலையாகவும் இருக்கலாம் என்பதை இதிலிருந்து அறிகின்றோம்.

பொருள் பிழையாக வந்தால் என்ன செய்வது? ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். மகளின் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு ஒன்றைப் படத்தில் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். அது பிந்தி வருகின்றது. தோள் இறுக்கம், துணி மெல்லியது, படத்திற் கண்ட சரிகை வேறு. திருப்பி அனுப்பலாம் என்று எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் சீனாவுக்குத் திருப்பி அனுப்பும் கட்டணம் உடுப்பின் விலையை விட அதிகமானால் எவர் அனுப்புவார்? முறையிடக் குறித்த நாள் எல்லையும் இதற்குள் முடிந்திருக்கலாம். நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கின்றது. உள்ளூர்க் கடைக்காரர் பழுதான பொருளை விற்றால் அதனிடம் முறையிடலாம். கடல் கடந்த ஊரில், பெயரும் முகவரியும் அறியாத ஒருவரை அந்தக் கரம் எட்டுவது கடினம்.

போலிக் குறுஞ்செய்தி இன்னோர் ஆபத்து. உங்கள் பொதி வந்திருக்கின்றது, முகவரி பிழை, சிறு தொகை செலுத்துங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரைச் சொல்லி வரும் செய்திகள் மோசடியானவை என்று அத்திணைக்களமே மக்களை எச்சரித்திருக்கின்றது. அதை நம்பி வங்கி அட்டையின் இலக்கத்தைக் கொடுத்தவர் இழப்பது அந்தச் சிறு தொகையை மட்டுமன்று. வெளிநாட்டுப் பொதியை எதிர்பார்த்திருக்கும் வீடுதான் இந்த வலையில் இலகுவாக விழுகின்றது.

உடலுக்கு வரும் கேட்டையும் மறத்தலாகாது. 2024ஆம் ஆண்டு தென்கொரியாவின் சியோல் நகர நிர்வாகம், இவ்வாறு இணையத்தில் விற்கப்படும் சிறுவர் பொருட்களை வாங்கிப் பரிசோதித்தது. பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கப்படும் தலேற்று என்னும் இரசாயனம் சில பொருட்களில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குப் பல நூறு மடங்கு இருந்தது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஆணைக்குழுவும், டெமு என்னும் தளத்தில் வாங்குவோருக்குக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்களிலும் சிறு மின்சாதனங்களிலும் சட்டத்துக்கு ஒவ்வாதவை கிடைக்கும் ஆபத்து பெரிது என்று தனது முதற்கட்ட முடிவை அறிவித்தது. பரிசோதனைக் கூடமும் சட்டமும் பலமாக உள்ள நாடுகளின் நிலை இதுவானால், நமது வீட்டுக் குழந்தை வாயில் வைக்கும் பொம்மையைப் பரிசோதிப்பவர் யார்?

மலிவு எங்கிருந்து வருகின்றது?

இத்தனை மலிவு எப்படிச் சாத்தியமாகின்றது? இதில் நேர்மையான காரணங்களும் உண்டு. இடையில் மொத்த வியாபாரி இல்லை. கடை வாடகை இல்லை. பொருள் தொழிற்சாலையிலிருந்து நேரே வருகின்றது. இவற்றைக் குறை கூறுவதற்கில்லை.

வேறு காரணங்களும் உண்டு. சிறு பொதிகளுக்குப் பல நாடுகள் நீண்ட காலமாகச் சுங்கத் தீர்வை அறவிடவில்லை. அமெரிக்காவில் 800 டொலருக்கு உட்பட்ட பொதி தீர்வையின்றி உள்ளே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோ வரை அவ்வாறே. கடை வைத்திருப்பவர் கொள்கலனில் இறக்கிய பொருளுக்குத் தீர்வை கட்டினார். அதே பொருளை ஒவ்வொன்றாகப் பொதி செய்து அனுப்பியவர் கட்டவில்லை. 2024ஆம் ஆண்டு மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இவ்வாறான சிறு பொதிகள் 460 கோடி வந்தன. அவற்றுள் 91 சதவீதம் சீனாவிலிருந்து வந்தவை. அமெரிக்கா 2025 மே 2ஆம் திகதி சீனப் பொதிகளுக்கும், ஆகஸ்ட் 29ஆம் திகதி ஏனைய நாடுகளின் பொதிகளுக்கும் இந்தச் சலுகையை நிறுத்தியது. ஐரோப்பிய நாடுகளும் 2026 ஜூலை 1ஆம் திகதி முதல் இத்தகைய பொதிகளிலுள்ள பொருட்களுக்கு 3 யூரோ வீதம் அறவிட 2025 டிசம்பரில் இணங்கின. பெரிய நாடுகளே தம் கடைக்காரரைக் காக்க முடியாது தவித்தன என்றால், நமது சிறு கடைக்காரரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது காரணமே நம்மை உறுத்த வேண்டியது. அது தைப்பவரின் உழைப்பு. ‘பப்ளிக் ஐ’ என்னும் சுவிற்சர்லாந்து அமைப்பு 2021ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில், ஷீஇன் நிறுவனத்துக்குத் தைக்கும் சிறு தொழிலகங்களை ஆராய்ந்தது. அங்கே வாரத்துக்கு ஏறத்தாழ 75 மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளரை அது கண்டது. தனக்குப் பொருள் வழங்குவோரிடம் 2023இல் இரண்டு சிறுவர் தொழில் சம்பவங்கள் கண்டுபிடிக்கப்பட்டதாக அந்நிறுவனத்தின் சொந்த அறிக்கையே 2024இல் ஒப்புக்கொண்டது.

இணையக் கடைகள் மட்டுமே இந்தப் பழிக்கு உரியவை என்று எண்ண வேண்டாம். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேசத்தின் சாவார் நகரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ் மாடியில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல் மாடிகளில் உடை தைக்கும் தொழிலாளர் மட்டும் மறுநாள் வேலைக்கு ஏற்றப்பட்டனர். உடைகளை வேளைக்கு அனுப்ப வேண்டுமே! அவர்கள் தைத்தவை மேனாட்டின் பெரிய கடைகளில் மலிவாகத் தொங்கின. மலிவு என்பது சில வேளைகளில் வேறொருவர் நமக்காகக் கட்டிய விலை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

வாங்குபவனின் நீதி

இனி நமது கேள்விக்கு வருவோம். வாங்குபவன் பாவம் செய்யக்கூடுமா?

13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமா அக்குவினார் தமது பெரும் இறையியல் நூலில் வாங்கல் விற்றலில் நடக்கும் மோசடியைப் பற்றித் தனியாக ஆராய்கின்றார். பொருளின் பெறுமதிக்கு மேலாக விற்பது அநீதி என்று கூறும் அவர், பெறுமதிக்குக் கீழாக வாங்குவதும் அவ்வாறே அநீதி என்று அதே இடத்திற் கூறுகின்றார். ஓர் உதாரணமும் தருகின்றார். அறியாமையால் பொன்னைப் பித்தளை என்று எண்ணி ஒருவன் விற்கிறான். அது பொன் என்று தெரிந்துகொண்டே பித்தளை விலைக்கு வாங்குகிறவன் குற்றவாளி. அவன் இழப்பை ஈடுசெய்யவும் கடமைப்பட்டவன். ஆகவே வாங்குபவனின் பாவம் இன்று நேற்றுக் கண்டுபிடித்ததன்று. நாம் மறந்துபோனது.

விற்பவன் சம்மதித்துத்தானே விற்கிறான், தொழிலாளி சம்மதித்துத்தானே தைக்கிறான் என்று ஒருவர் கேட்கலாம். இதற்குத் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டிலேயே மறுமொழி கூறினார். பசிக்கும் வறுமைக்கும் அஞ்சி ஒரு தொழிலாளி மிகக் குறைந்த கூலிக்கு இணங்கினால், அந்த இணக்கம் கூலியை நீதியாக்கிவிடாது என்பது அவரது போதனை. திருத்தந்தை 16ஆம் ஆசீர்வாதப்பரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட தமது சுற்றுமடலில், கொள்வனவு செய்வதிலும் அறப் பொறுப்பு உண்டு என்பதை நினைவூட்டினார்.

அப்படியானால் மலிவான சட்டை ஒன்றை வாங்கிய ஒரு தாய், ராணா பிளாசாவின் சாவுகளுக்குக் குற்றவாளியா? அப்படிச் சொல்வது நீதியாகாது. பிறர் செய்யும் தீமையில் நமக்குள்ள பங்கை ஒழுக்கவியல் தரம் பிரித்தே பார்க்கின்றது. வெடித்த சுவரைக் கண்டும் தொழிலாளரை உள்ளே ஏற்றியவனின் பங்கு ஒன்று. விலையை நெருக்கி, நாளைக் குறுக்கிக் கட்டளை கொடுத்த நிறுவனத்தின் பங்கு இன்னொன்று. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஒன்றுமறியாது வாங்கியவரின் பங்கு மிகத் தூரமானது. ஆனால் தூரத்துப் பங்கும் அடியோடு இல்லாததன்று. எவ்வளவு தெரிந்திருந்தோம், பொருள் எவ்வளவு அவசியமானது, வேறு வழி இருந்ததா என்ற மூன்றைப் பொறுத்து அது கூடும் அல்லது குறையும். தெரியாது என்று சொல்லக்கூடிய காலம் குறைந்துகொண்டே வருகின்றது. தெரிந்துகொள்ள விரும்பாமல் கண்ணை மூடிக்கொள்வது அறியாமை ஆகாது.

நமது ஊருக்கு நேரும் இழப்பு

தூரத்தில் இருப்பவர் மட்டும் நமது அயலவர் அல்லர். பக்கத்தில் இருப்பவரும் அயலவரே. இதைச் சொல்லும்போது ஒரு நியாயமான மறுப்பையும் கேட்டாக வேண்டும். சாய்ந்தமருதுக் கடையில் உள்ள பொருளும் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்து கொழும்புப் புறக்கோட்டை வழியாக வந்ததுதானே? ஒரே தொழிற்சாலையின் பொருளைக் கூடிய விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? உள்ளூர்க் கடைக்காரரும் ஏமாற்றுவதில்லையா?

ஏமாற்றுபவர் உண்டு. நமது மக்களுள்ளும் உண்டு, பிறருள்ளும் உண்டு. வாணிகத்தில் நேர்மையை எல்லாச் சமயங்களும் வலியுறுத்தியதன் காரணமும் அதுவே. கள்ளத் தராசைப் பழைய ஏற்பாட்டு நீதிமொழிகள் கண்டிக்கின்றன. அளவையில் மோசடி செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அத்தியாயம் ஒன்று குர்ஆனில் உண்டு. வள்ளுவரும் நடுவுநிலைமையைப் பற்றிய அதிகாரத்தின் இறுதிக் குறளை வணிகருக்கே ஒதுக்கி, பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்ற கருத்தைத் தருகின்றார்.

வேறுபாடு பொருளில் இல்லை. பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பதிலேயே அது இருக்கின்றது. “போட்டுப் பாருங்க மகள், அளவு இல்லாட்டி நாளைக்குக் கொண்டு வாங்க, மாத்தித் தாறன்” என்று கடைக்காரக் காக்கா சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு அவரது முகம் பிணை நிற்கின்றது. ஏமாற்றினால் அவர் அடுத்த நாளும் அதே வீதியில் நம்மைக் காண வேண்டும். கையிற் காசு இல்லாத மாதத்திற் கொப்பியில் எழுதிவிட்டுச் சாமானைக் கொடுத்தனுப்புவதும் இத்தகைய கடைதான். எந்தத் திரையும் நமக்குக் கொப்பியில் எழுதித் தராது. அங்கே தவணைக்குத் தருபவர்கள் அறிந்திருப்பது நமது அட்டையை. நமது குடும்பத்தை அன்று.

அந்தக் கடையைச் சார்ந்து வாழ்வோரையும் எண்ணுவோம். அங்கே விற்பனைக்கு நிற்கும் இளம்பிள்ளைகள், பக்கத்தில் இருந்து உடுப்பைச் சுருக்கித் தைத்துத் தரும் தையற்காரர், சாமான் ஏற்றி இறக்கும் தொழிலாளி, தேநீர்க் கடைக்காரர். கல்முனைக்கு வடக்கே மருதமுனையில், நாடறிந்த கைத்தறி நெசவு இருக்கின்றது. தறியில் பல மணி நேரம் இருந்து நெய்த சாறமும் சேலையும், இயந்திரம் அச்சடித்துத் தள்ளும் துணியோடு விலையில் எப்படிப் போட்டியிடும்? ஒரு வீட்டின் ஒரு பொதியால் இவர்கள் வீழ்ந்துவிட மாட்டார்கள். ஆனால் ஆயிரம் வீடுகளின் பொதிகள் சேரும்போது, எவரும் எண்ணிச் செய்யாமலே ஒரு கடைவீதி மெலிந்துபோகும்.

நாட்டின் கணக்கும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அரசாங்கம் அறிவித்தது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாம் நின்ற வரிசைகளை எவரும் மறந்திருக்க முடியாது. அந்த வீழ்ச்சிக்குச் சிறு பொதிகள் காரணம் என்று சொல்வது உண்மையாகாது. ஆனால் அந்த நாட்கள் ஒரு பாடத்தைத் தந்தன. டொலர் என்பது மரத்திற் காய்ப்பதில்லை. குவைத்திலும் கட்டாரிலும் சவூதியிலும் பிறர் வீட்டுப் பிள்ளையை வளர்த்துக்கொண்டு, தன் பிள்ளையைத் தொலைபேசியிற் பார்த்து அழும் தாய்மார் அனுப்புவது அது. இக்கரையில் அத்தகைய தாய் இல்லாத ஊர் ஏது? அந்தத் தாயின் ஒரு நாள் உழைப்பு, ஒரு வாரத்தில் உடையும் விளையாட்டுப் பொருளாக மாறித் திரும்பவும் கடல் கடந்து போவது நியாயமா?

கடைவீதியும் சமாதானமும்

இன்னும் ஒன்று உண்டு. அதை எந்த விலைப்பட்டியலிலும் எழுத முடியாது.

இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரோடொருவர் பேசும் இடங்கள் எத்தனை? நமது பாடசாலைகள் பெரும்பாலும் வேறு, திருமணங்கள் வேறு, வழிபாட்டுத் தலங்கள் வேறு. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் நடந்தவை இரு பக்கத்திலும் ஆழ்ந்த காயங்களை விட்டுச் சென்றன. சுனாமி 2004 டிசம்பர் 26ஆம் திகதி எந்தச் சமயத்தையும் கேளாமல் இக்கரை முழுவதையும் அடித்துச் சென்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, நமது ஆலயங்களிற் குண்டுகள் வெடித்தன. ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவர்கள் சுற்றிவளைக்கப்பட்டபோது தம்மைத்தாமே வெடிக்கச் செய்தனர். சிறு குழந்தைகளும் அங்கே மாண்டனர். அந்த வீட்டில் இருந்தவர்கள் மேல் ஐயமுற்று முதலில் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் மக்களே என்பதை நாம் ஒருநாளும் மறக்கலாகாது.

அதன் பின் முஸ்லிம்களின் கடைகளுக்குச் செல்லாதீர்கள் என்ற குரல் நாட்டில் எழுந்தது. மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகள் எரிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் ஒரு கிறிஸ்தவத் தாய் மீண்டும் சாய்ந்தமருதுக் கடைப்படியில் ஏறி, “காக்கா, வெள்ளைத் துணி இருக்கா?” என்று கேட்டால், அது துணி வாங்கும் செயல் மட்டுமா? கடைக்காரரின் முகத்தில் இருக்கும் அச்சமும், தாயின் உள்ளத்தில் இருக்கும் ஐயமும் அந்த ஒரு கேள்வியிற் சற்றுக் குறைகின்றன. கூட்டங்களும் பிரகடனங்களும் செய்ய முடியாத வேலையை ஒரு கடை மேசை செய்துவிடுகின்றது. அன்று அந்தக் கடைகளை வெறுப்பினாற் கைவிடக்கூடாது என்று அறிந்திருந்தோம். இன்று எந்த வெறுப்பும் இல்லாமலே, வெறும் சோம்பலினாலும் சில நூறு ரூபாவினாலும் கைவிடலாமா? வெறுப்பினால் விலகினாலும் வசதிக்காக விலகினாலும், முடிவில் ஒருவரை ஒருவர் காணாத இரண்டு ஊர்களே மிஞ்சும்.

என்ன செய்யலாம்?

வெளிநாட்டிலிருந்து வாங்குவதே பாவம் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். கட்டுநாயக்க வலயத்தில் நமது பிள்ளைகள் தைக்கும் உடையை வெளிநாட்டார் வாங்காவிட்டால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. இங்கே கிடைக்காத மருத்துவக் கருவியின் உதிரிப்பாகம், உயர்கல்விக்கு வேண்டிய நூல், தொழிலுக்கு வேண்டிய ஆயுதம் என்பன கடல் கடந்து வருவது நன்மையே. நாட்கூலியில் வாழும் குடும்பம் நூறு ரூபாவையும் எண்ணிச் செலவிடுவதை எவரும் குறை கூறலாகாது. வறியவருக்குத் தேசப்பற்றைப் போதிப்பது வசதி படைத்தவருக்கு இலகு. இங்கே கூறுவது பெரும்பாலும், தேவை முடிந்த பின்னும் விரல் நிற்காத வீடுகளுக்கு உரியது.

வாங்குமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். இது தேவையா, அல்லது இன்னும் 10 நிமிடத்தில் விலை முடியும் என்று ஓடும் கடிகாரம் உண்டாக்கிய ஆசையா? எல்லாச் செலவையும் கூட்டிய விலை என்ன? பழுதானால் யார் பதில் சொல்வார்? இந்த விலையில் தைத்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? நமது ஊரில் இதே பொருள் இருக்கின்றதா என்று ஒரு முறையாவது கேட்டோமா? குழந்தை வாயில் வைப்பதையும், மின்சாரத்திற் சொருகுவதையும், உடலிற் பூசுவதையும் முகம் தெரியாதவரிடம் வாங்காதிருப்பது நன்று. பிள்ளைகளின் கையில் அட்டை இலக்கம் பதிந்த தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தைச் சுழற்றினால் பரிசு என்று காட்டி வாங்கப் பழக்கும் தளங்கள் உண்டு. அது கடையின் உருவில் வந்த சூதாட்டப் பழக்கம்.

கடைக்காரருக்கும் கடமை உண்டு. பற்றுச்சீட்டுக் கொடுங்கள். விலையை வெளிப்படையாக எழுதி வையுங்கள். பழுதானதை முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுங்கள். பெருநாட் காலத்தில் விலையை ஏற்றாதீர்கள். உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைக்கு நீதியான சம்பளம் கொடுங்கள். அயலவன் என்ற உறவைச் சொல்லி அயலவனைச் சுரண்டினால், அவன் திரையை நாடிப் போவதை எவரும் தடுக்க முடியாது.

பாவசங்கீர்த்தனத்துக்கு முன் ஆத்தும சோதனை செய்யும்போது, பிறர் பொருளைத் திருடினேனா என்று நம்மை நாமே கேட்கின்றோம். அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். நான் வாங்கிய பொருளின் விலையில் ஒரு பங்கை வேறொருவரைக் கட்ட வைத்தேனா? குவாங்சோவில் இரவிரவாகத் தைக்கும் ஒருவரும், சாய்ந்தமருதில் வாடிக்கையாளரை எதிர்பார்த்துக் கடை திறந்திருக்கும் ஒருவரும் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் இருக்கிறார்கள். மறுமொழி ஒவ்வொரு வீட்டுக்கும் வேறுபடலாம். ஆனால் அடுத்த தடவை பொத்தானை அழுத்துமுன் அந்தக் கேள்வியைக் கேட்பது நம் எல்லோருக்கும் கடமையாகும்.